பட்டாளத்து வாத்தியம் என்பதற்கு என்ன சாட்சி? பாரமகாலின் பழைய பித்தளைக் கருவிகளைப் படிக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறைகளாகப் பேண்டு செட் நடத்திவரும் குடும்பங்களின் வீட்டுப் பரணில் டிரம்பெட் போன்ற நெளிந்துபோன கார்னெட், வால்வு இறுகிய பருத்த யூஃபோனியம், செம்பில் அடித்த, வால்வில்லாத பியூகிள் என ஏதாவது ஒன்று இன்னும் கிடக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்க தாத்தாவுக்கு வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்து வந்ததுங்க" என்ற பதில் வரும். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், கிருஷ்ணகிரிக் கோட்டையில் திப்பு சுல்தானோடு நடந்த சண்டையில் ஊதிய கருவி என்பார்கள். முதல் கூற்று பல நேரங்களில் உண்மையாகவே இருக்கிறது. இரண்டாவது கூற்று, விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் வால்வு பொருத்திய எந்தக் கருவிக்கும் பொருந்தவே பொருந்தாது. இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கான சாட்சியம் பெரும்பாலும் அந்தப் பித்தளையின் மேலேயே இருக்கிறது. நடுகல்லின் எழுத்தைப் படிப்பவர் காட்டும் பொறுமையோடு அதைப் படித்தால் போதும்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். பாரமகால் என்று அழைக்கப்பட்ட இந்த நிலப்பகுதி ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் இடையே நடந்த போர்களின் நடுக்களமாக இருந்தது. 1767-இல் ஹைதர் அலி காவேரிப்பட்டணத்தைக் கைப்பற்றினார். 1791 ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படைக்கு வீழ்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் லெப்டினன்ட் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரியைத் தாக்கியபோது, அடிவாரப் பேட்டையைப் பிடிக்க முடிந்ததே தவிர, மலைக்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து, அலெக்சாண்டர் ரீடின் நிர்வாகத்தில் தாமஸ் மன்றோ உதவி அதிகாரியாக இங்கே பணியாற்றினார். இந்தப் போர்களில் கம்பெனியின் காலாட்படைக்குச் சைகை கொடுத்தவை பறையொத்த பக்கவாட்டு டிரம்மும் ஃபைஃப் என்ற சிறு குழலும்தான். காரன்வாலிஸோடு வந்த 19-ஆம் இலகுரகக் குதிரைப்படை போன்ற அணிகளிடம் டிரம்பெட் இருந்தது. ஆனால் அது வால்வோ துளையோ துளைமூடும் சாவியோ இல்லாத வெறும் வளைகுழாய். மைசூர்ப் பக்கத்திலும் பாளையக்காரர்களின் ஆட்களிடமும் இருந்த கொம்பு, தாரை, எக்காளம் ஆகியவையும் அதே இயல்பினவே: உதட்டின் அழுத்தத்தால் மட்டும் ஒலி மாறும், இடைச்சுரங்கள் கிடைக்கா.

பித்தளைக் கருவிக்கு வால்வு வந்தது அதற்குப் பிறகுதான். 1814 முதல் 1818 வரையிலான ஆண்டுகளில் ஜெர்மனியில் ஸ்டோல்ட்ஸல், புளூமல் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். இன்று நம் ஊர்ப் பேண்டு செட்டுகளில் காணப்படும் நீள்உருளைப் பிஸ்டன் வால்வு, 1830களின் இறுதியில் பாரிஸில் பெரினே அமைத்த வடிவத்தின் வழிவந்தது. எனவே மூன்று பிஸ்டன் உள்ள எந்தக் கருவியையும் மன்றோவின் காலத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. திப்பு மறைந்தது 1799-இல். பெரினேயின் பிஸ்டனுக்கும் அவருக்கும் இடையே ஒரு முழுத் தலைமுறை இருக்கிறது. நம் ஊர்ப் பெருமைக்கு இது ஒரு குறைவாகத் தோன்றலாம். அப்படி நினைக்கத் தேவையில்லை. இந்தக் கருவிகளுக்கு உண்மையாக உள்ள வரலாறு, இட்டுக்கட்டிய வரலாற்றைவிட நம் மக்களுக்கு மிக நெருக்கமானது.

பியூகிளை எடுத்துக்கொண்டால், அதன் வடிவமே ஓரளவு வயதைச் சொல்லிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் காலாட்படை பயன்படுத்திய பியூகிள் ஒற்றைச் சுற்று உடையது. கையில் பிடித்தால் அகலமாகவும் நீளமாகவும் இருக்கும். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வழக்குக்கு வந்தது இரட்டைச் சுற்று வடிவம். அதன் உடல் செம்பு. விளிம்பைச் சுற்றி ஒட்டிய பட்டையும் இணைப்பு வளையங்களும் பித்தளை. பி-ஃபிளாட் சுருதியில் அமைந்த அதன் குழாயை நேராக்கினால் ஏறக்குறைய நாலரை அடி வரும். படைமுகாமில் துயிலெழுப்பவும், உணவுக்கு அழைக்கவும், அணிவகுக்கச் சொல்லவும் ஊதப்பட்ட அத்தனை அழைப்புகளும் ஐந்தே ஒலிகளில் அடங்கியவை. குதிரைப்படையின் டிரம்பெட் இதைவிட நீண்ட குழாயும் தாழ்ந்த ஈ-ஃபிளாட் சுருதியும் உடையது என்பதால், அதையும் பியூகிளையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது முத்திரை. அரசுப் படைப்பொருளுக்கு அடையாளம் மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அகன்ற அம்புக்குறி. 1855 வரை அதனருகே பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும்; அவை அன்றைய படைக்கலன் வாரியத்தைக் குறித்தன. அந்த ஆண்டில் வாரியம் கலைக்கப்பட்டுப் போர்த்துறையின் கீழ் வந்த பிறகு டபிள்யூ, டி என்ற எழுத்துகள் வந்தன. இந்தியப் படைக்கென வாங்கிய பொருள்களில் அம்புக்குறியின் கீழே ஐ என்ற ஆங்கில எழுத்து தனியாக இருக்கும். ஓசூரை ஒட்டிய நம் பகுதியில் கிடைக்கும் பியூகிள்களில் முதலில் தேட வேண்டியது இந்த முத்திரையைத்தான். கம்பெனி ஆட்சி 1858-இல் முடிந்ததால், இந்த அம்பும் ஐ எழுத்தும் சேர்ந்திருந்தால் கருவி அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். இன்னொரு குறியும் உண்டு: இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதுவதுபோல் எதிரெதிரே பொறிக்கப்பட்டிருந்தால், அப்பொருள் படையின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு முறையாக விற்கப்பட்டது என்று பொருள். "தாத்தா பட்டாளத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்" என்று வீட்டில் தலைமுறைகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் கருவியில் இந்த எதிரம்புகளைக் கண்டுபிடித்தால், அந்தத் தாத்தாவின் மேலிருந்த பழி நீங்கிவிடும்.

கிரீடம் பொறித்திருந்தால் அதன் வளைவையும் கவனிக்க வேண்டும். விக்டோரியா காலத்துக் கிரீடத்தின் மேல்வளைவு நடுவில் சற்று உள்வாங்கியிருக்கும். 1901-க்குப் பிறகு அரசர்கள் ஆண்ட அரை நூற்றாண்டில் அது கவிழ்த்த கிண்ணம்போல் உருண்டையாயிற்று. எலிசபெத்தின் ஆட்சியில் மீண்டும் உள்வாங்கிய வளைவு வந்தது. ஆனால் அதற்குள் இந்தியா விடுதலை அடைந்துவிட்டது. ஆகவே இங்கு கிடைக்கும் கருவியில் உருண்டைக் கிரீடம் இருந்தால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி என்றும், உள்வாங்கிய கிரீடம் இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம் என்றும் கொள்ளலாம்.

இந்த இடத்தில், கருவி சேகரிப்பவர்கள் பலர் தடுமாறும் ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பியூகிளும் டிரம்மும் சைகைக் கருவிகள். துப்பாக்கியைப் போலவே அரசு வழங்கியவை. எனவே அவற்றில் அம்புக்குறி இருக்கும். கார்னெட், யூஃபோனியம், டிராம்போன், பெரிய பேஸ் ஆகியவை இசைக்குழுவின் கருவிகள். இவற்றை அரசு பெரும்பாலும் வழங்கவில்லை. ஒவ்வொரு படைப்பிரிவின் அதிகாரிகளும் தங்கள் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் போட்ட சந்தாப் பணத்தில் பேண்டு நிதி என்று ஒன்றை வைத்து, அதிலிருந்து லண்டன் நிறுவனங்களுக்கு எழுதி வரவழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பிரிட்டிஷ் படையின் வழக்கம் இதுவே. இந்தியப் படையும் அதையே பின்பற்றியது. ஆகையால் ஒரு கார்னெட்டில் அம்புக்குறி இல்லை என்பதை வைத்து அது பட்டாளத்துக் கருவி அல்ல என்று தள்ளிவிடக் கூடாது. அதில் தேட வேண்டியது படைப்பிரிவின் பெயர், இசைக்குழுவின் உடைமை எண், தயாரிப்பாளரின் முகவரி, வரிசை எண் ஆகிய நான்கையும்தான்.

பிரிவின் பெயர் நம் பகுதிக்கு மிகப் பெரிய உதவி, ஏனெனில் சென்னைப் படையின் பிரிவுகளுக்கு அடிக்கடி பெயர் மாற்றப்பட்டது. பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியான நம் ஊர்களுக்கு மிக அருகிலிருந்த பெரிய படைமையம் பெங்களூரு தண்டு. அங்கே 1834 முதல் நிலைகொண்டிருந்தது 1780-இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. அது 1876-இல் அரசியின் பெயரைத் தாங்கி 'குவீன்ஸ் ஓன்' ஆயிற்று. 1903-இல் முன்னால் 2 என்ற எண் சேர்ந்தது. 1911-இல் 'குவீன் விக்டோரியாஸ் ஓன்' என்று மாறியது. 1923-இல் எண் போய் மதராஸ் என்ற பெயர் திரும்ப வந்தது. அதுபோலவே காலாட்படைப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் 1903-இல் இந்தியப் படைத்தலைவர் கிச்சனரின் சீரமைப்பில் புதிய எண்கள் வந்தன. பழைய 4-ஆம் மதராஸ் பிரிவு 64-ஆம் பயனியர்ஸ் (பாதை அமைக்கும் பணியும் செய்த காலாட்படை) ஆனது அப்போதுதான். 1922-இல் அந்த எண்களும் போய், பல பிரிவுகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. மதராஸ் பயனியர்ஸ் படை 1933-இல் அடியோடு கலைக்கப்பட்டது. பெல் எனப்படும் கருவியின் விரிந்த வாயில் பொறித்த ஒரு வரி இவற்றில் எதனோடு பொருந்துகிறது என்று பார்த்தாலே காலம் இருபது ஆண்டுக்குள் அடங்கிவிடும்.

காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஒரு வீட்டில் நான் கையில் எடுத்துப் பார்த்த கார்னெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெல்லில் 'பூசி அண்ட் கோ, 295, ரீஜென்ட் ஸ்ட்ரீட், லண்டன்' என்ற வரிகள் கொடிவேலைப்பாட்டுக்கு நடுவே இருந்தன. அந்த நிறுவனம் அந்த முகவரிக்கு வந்தது 1874-இல். ஹாக்ஸ் நிறுவனத்தோடு இணைந்து பூசி அண்ட் ஹாக்ஸ் ஆனது 1930-இல். எனவே 56 ஆண்டு இடைவெளி உடனே கிடைத்தது. கைமின்விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, வரிகளுக்குக் கீழே தேய்ந்த எழுத்துகளில் 64 என்ற எண்ணும் பயனியர்ஸ் என்ற சொல்லின் பின்பாதியும் தெரிந்தன. ஆக இடைவெளி 1903-க்கும் 1922-க்கும் இடையே சுருங்கியது. இரண்டாம் பிஸ்டனின் உறையில் தயாரிப்பாளரின் வரிசை எண் இருந்தது. மவுத்பீஸ் செருகும் குழாயின் அருகே, அதே கருவியில் வேறொரு கையால் அடித்ததுபோல், 7 என்ற எண் மட்டும் தனியாக இருந்தது. அது இசைக்குழுவில் அந்தக் கருவிக்குக் கொடுத்த உடைமை எண்.

அந்தக் கார்னெட்டில் என்னை மிகவும் கவர்ந்தது எழுத்து அல்ல, ஒரு பற்றவைப்பு. சுருதி கூட்டவும் குறைக்கவும் இழுக்கும் பெரிய ஸ்லைடின் இரண்டு கால்களிலும் சற்றே நிறம் வேறுபட்ட பித்தளைத் துண்டுகளைச் சேர்த்து நீட்டியிருந்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. விக்டோரியா காலத்திலிருந்தே பிரிட்டிஷ் படைப் பேண்டுகள் நடு ஸ்தாயியின் 'ஏ' சுரத்துக்கு நொடிக்கு 452.5 அதிர்வு என்ற உயர்ந்த சுருதியை வைத்திருந்தன. இன்றைய 440 அதிர்வோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதியளவு கூடுதல். 1920களின் கடைசியில்தான் படைப் பேண்டுகள் தாழ்ந்த சுருதிக்கு மாறின. அப்போது புதுக்கருவி வாங்க முடியாதவர்கள் பழைய கருவியின் குழாயை நீட்டிச் சரிக்கட்டினார்கள். நீட்டிய ஸ்லைடு ஒரு கருவியில் இருந்தால், அது உயர்சுருதிக் காலத்தில் பிறந்து, தாழ்சுருதிக் காலத்திலும் யாரோ ஒருவரின் பிழைப்புக்கு உதவியிருக்கிறது என்று தெரிகிறது. ஸ்லைடை நீட்டாத பழைய கருவியைக் கிளாரிநெட்டோடும் ஹார்மோனியத்தோடும் சேர்த்து ஊதினால் சுருதி சேரவே சேராது; பல நல்ல கருவிகள் பரணுக்குப் போனது இதனால்தான். ஊதுகிறவரின் திறமையைப் பழித்துப் பயனில்லை.

இவ்வளவு சாட்சியம் கிடைத்தாலும், இந்தக் கார்னெட் போர்க்களம் கண்டது என்று சொல்ல இடமில்லை. படைப்பிரிவு போருக்குப் புறப்படும்போது இசைக்குழுவின் கருவிகள் பெரும்பாலும் தலைமையகத்திலேயே வைக்கப்படும். வாத்தியக்காரர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கும் ஸ்டிரெச்சர் ஆட்களாகக் களத்துக்குப் போவார்கள். ஆகவே அந்த வீட்டுக் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போருக்குப் போயிருக்கலாம். அவர் ஊதிய கார்னெட் பெங்களூரில் பெட்டிக்குள் இருந்திருக்கும். களத்துக்குப் போன பித்தளைக் கருவியைத் தேடுகிறவர்கள் பியூகிளைத்தான் தேட வேண்டும். சென்னை மாகாணத்தின் பல ஊர்களில், 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள் என்று பொறித்த சிறு கற்பலகைகள் உள்ளன. குடும்பத்தின் நினைவுக்கு அந்தப் பலகையும் ஓய்வூதியப் புத்தகமும் பதக்கத்தின் விளிம்பில் பொறித்த பெயரும் சாட்சி சொல்லும். கருவியை அந்தச் சாட்சிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

படையிலிருந்து கருவிகள் வெளியே வந்த வழிகளில் முதன்மையானவை 1922-இன் இணைப்பு, 1933-இன் கலைப்பு, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உபரி விற்பனை, 1947-இல் பிரிட்டிஷ் பிரிவுகள் கப்பலேறியது ஆகியவை. பேண்டு நிதியில் வாங்கியவை பிரிவின் சொந்தச் சொத்து என்பதால் ஏலத்துக்கு வருவது எளிதாக இருந்தது. ஓய்வு பெற்ற பேண்டு சிப்பாய்கள் ஊருக்கு வந்து திருமணத்துக்கும் தேர்த்திருவிழாவுக்கும் ஊதத் தொடங்கியதிலிருந்துதான் இந்தியாவின் பல பகுதிகளில் பேண்டு செட் தொழில் வேர்விட்டது. மீதி, பெங்களூரு சிவாஜிநகரின் பழைய சாமான் கடைகள் வழியாக ஓசூர் தாண்டி இங்கே வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லாப் பழைய பித்தளையும் படையிலிருந்து வந்ததல்ல. காவல்துறைக்குப் பேண்டு இருந்தது. கிறித்தவ மிஷன் பள்ளிகளுக்கு இருந்தது. பக்கத்திலிருந்த மைசூர் சமஸ்தானத்தில் அரண்மனைக்கும் படைக்கும் தனித்தனியே இருந்தது. இருதலைப் பறவையான கண்டபேரண்டம் பொறித்த கருவி கிடைத்தால் அது மைசூர் அரசின் உடைமை. மைசூர் லான்சர்ஸ் 1918 செப்டம்பர் 23-இல், இன்று இஸ்ரேலில் உள்ள ஹைஃபாவைப் பிடித்த குதிரைப்படைகளுள் ஒன்று என்பதால், கண்டபேரண்டம் பொறித்த டிரம்பெட் என்றால் அதைக் கூடுதல் கவனத்தோடு ஆராய்வது தகும். பெல்லில் உள்ள பெயர் தயாரிப்பாளருடையதா, இறக்குமதி செய்து விற்ற கடைக்காரருடையதா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியிலும் இன்றைய செக் நாட்டின் பொகீமியாவிலும் செய்த மலிவான கருவிகளை வாங்கித் தம் பெயரைப் பொறித்து விற்ற வணிகர்கள் பலர். இந்தியாவிலேயே மீரட் நகரில் நாதிர் அலி நிறுவனம் 1885 முதல் பேண்டு வாத்தியங்கள் செய்து வருகிறது. மீரட்டின் பழைய பியூகிள் என்பது இழிவான பொருள் அல்ல, அதுவும் வரலாறுதான்.

இழிவானது போலி. அலங்காரப் பொருளாகச் செய்த பியூகிள்களில் லண்டன் நிறுவனத்தின் பெயரையும் ஏதாவது ஓர் ஆண்டையும் அச்சடித்து, ரசாயனத்தால் கருக்கச் செய்து, பழம்பொருள் என்று விற்கிறார்கள். உண்மையான படைப் பியூகிளில் ஆண்டு பெரிய எழுத்தில் பெருமையாக நிற்பது அரிது. முத்திரைகள் சிறியவை, ஆழமானவை, சற்றுக் கோணலானவை. ஊதிப் பார்ப்பதே கடைசிச் சோதனை: அந்த ஐந்து ஒலிகளும் ஒன்றுக்கொன்று சேராமல் இழுத்தால், அது ஊதுவதற்காகச் செய்த கருவியே அல்ல.

வீட்டில் கருவி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் ஆயுத பூசைக்கு ஆயுத பூசை தேய்த்தே பல கருவிகளின் படைப்பெயர்கள் மறைந்துவிட்டன. புளியின் அமிலம் மேற்பரப்பிலுள்ள துத்தநாகத்தை அரித்து, பித்தளையைத் திட்டுத்திட்டாகச் செந்நிறமாக்கும். மெல்லிய கோட்டு வேலைப்பாடு முதலில் போய்விடும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, எழுத்துள்ள இடத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் பக்கவாட்டில் தேய்த்துப் படியெடுத்தால், கண்ணுக்குப் புலப்படாத எழுத்தும் சில சமயம் தாளில் எழும்பி வரும். நூறு ஆண்டு கடந்த கருவி 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகக் கருதப்படும் என்பதையும், தனியார் அதை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது என்பதையும், நல்ல விலை பேசும் தரகர்கள் சொல்ல மாட்டார்கள்.

எழுத்துகளைப் படித்து முடித்த பிறகு ஆவணங்களுக்குப் போகலாம். பூசி, ஹாக்ஸ், பெஸ்ஸன் நிறுவனங்களின் பழைய பேரேடுகள் லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. வரிசை எண்ணைக் கொடுத்தால் கருவியின் வகை, வெளியே போன நாள், வாங்கியவர் பெயர் ஆகியவற்றை அவற்றில் தேட முடியும். சென்னைப் படையின் நிர்வாகக் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவேடுகளிலும் இருக்கின்றன. சாப்பர்ஸ் தொடர்பான கருவி என்றால் பெங்களூரில் அப்படையின் வழிவந்த மதராஸ் பொறியாளர் பிரிவின் அருங்காட்சியகத்தை அணுகுவது நல்லது. இந்த விசாரணைக்குக் கடிதம் எழுதும்போது, பெல்லின் பொறிப்பு, வரிசை எண், உடைமை எண், ஸ்லைடின் பற்றவைப்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே படமெடுத்து இணைக்க வேண்டும். காவேரிப்பட்டணத்துக் கார்னெட்டின் படங்களை அவ்வாறு எடுத்து அந்தக் குடும்பத்தாரிடம் கொடுத்திருக்கிறேன். பேரேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பயனியர்ஸ் பிரிவின் பெயர் இருந்தால் கருவி லண்டனிலிருந்து நேரே படைக்கு வந்தது என்றும், ஒரு வணிகரின் பெயர் இருந்தால் படையின் பெயர் பிறகு இந்தியாவில் பொறிக்கப்பட்டது என்றும் முடிவாகும்.